தார் ரோடு மிதிக்காத ஜீப்பு

உக்காருங்க சார், உக்காருங்க. அந்தக் கல்லு ஆடும், இதுல உக்காருங்க. பஸ்ஸு இதோட சரி, இங்கயே திரும்பிப் போயிரும். இதுக்கு மேல தார் கிடையாது, பூரா எஸ்டேட்டு மண் பாதைதான். மேல ஊருக்குப் போகணும்னா ஜீப்பு வரும். இந்நேரம் வந்திருக்கணும். உங்களுக்கு ஏதும் சத்தம் கேக்குதா? எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்.

டவர் பாக்க வந்தீங்களா? அடடா, புண்ணியமாப் போகும். பத்து நாளா ஒரு போன் பேச முடியல சார். எப்பவுமே பேசணும்னா பாறை மேல ஏறி நிக்கணும், இப்ப அதுவும் போச்சு. என் பேரு தவமணி. மேல தெருவுலதான் வீடு. ஜீப்பா? ஜீப்பு எங்க வீட்டு ஜீப்புதான். எங்க வீட்டுதுன்னா... இருங்க, இருங்க, மேகம் இறங்குற மாதிரி இருக்கே. மழை வந்தா அந்த ஓடையைத் தாண்ட முடியாது. சை, இந்த மலையே இப்படித்தான். ஒரு இடத்துல நிம்மதியா நிக்க விடாது.

நீங்களே சொல்லுங்க சார். நீங்க படிச்சவரு. கட்டின பொண்டாட்டி பேருல ஒண்ணு இருந்தா அது புருசனுதா, இல்லையா? ரேசன் கார்டு அவ பேருலதான் இருக்கு. கேஸு சிலிண்டரும் அவ பேருலதான். அதுக்காக நான் என்ன அவ வீட்டுல குடிவந்தவனா? சிரிக்காதீங்க. இந்தக் கதையை யார்கிட்டச் சொன்னாலும் சிரிக்கிறாங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

அந்த ஜீப்பு என் கல்யாணத்துக்குச் சீரா வந்தது. என் மாமனாரு பெத்தணன், அடுத்த மலையில மிளகுத் தோட்டம், காப்பித் தோட்டம் வச்சிருக்காரு. அவரு சின்ன வயசுல மிலிட்டரி ஏலத்துல எடுத்த வண்டி. இடது பக்கம் ஸ்டேரிங்கு. லாரியில ஏத்தி, இதோ நாம உக்காந்திருக்கோமே, இதே இடத்துல இறக்கி, இங்கிருந்து ஓட்டிட்டு மேல போயிருக்காரு. அதுக்கப்புறம் அது இதுக்குக் கீழ இறங்கினதே இல்ல. மலைக்கு வந்த நாள்ல இருந்து தார் ரோட்டை மிதிக்காத வண்டி சார். ஆர்.சி. புக்கு கிடையாது, நம்பர் கிடையாது. நம்பர் எழுதுற தகட்டுல முருகன் துணைன்னு எழுதி வச்சிருக்காரு மனுசன். தோட்டத்துக்குள்ள ஓடுற வண்டியை இங்க யாரு கேக்கப் போறா?

என் சம்சாரம் பஞ்சவர்ணம் இருக்காளே, அவ கல்யாணத்துக்கு முன்னாடியே அதுல ஓட்டிப் பழகினவ. அவ அப்பன் பழக்கி விட்டிருக்காரு. எங்க வீட்டுக்கு வந்த புதுசுல, சாவியை எடுத்துக்கிட்டு வாசல்ல போய் நின்னா. நான் சொல்லிப்புட்டேன். இந்தா பாரு, ஆம்பளை நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிறப்ப நீ ஓட்டினா ஊரு வாயால சிரிக்காதுன்னு. நல்லபடியாத்தான் சொன்னேன். அன்னைக்குச் சாவியை ஆணியில மாட்டினவதான், அதுக்கப்புறம் தொடல. அந்த விசயத்துல தங்கமான பொம்பளை.

சரி, மாமனாரு கதைக்கு வர்றேன். மாமனாரும் நானும் பேசி ஏழெட்டு வருசம் இருக்கும். ஏன்னு கேளுங்க. ஒரு மிளகு சீசன். பஞ்சாயத்து போர்டு முன்னாடி நான் நாலு பேரோட நின்னு பேசிக்கிட்டிருக்கேன். விடுவிடுன்னு வர்றாரு. வந்து, மாப்பிள்ளை, மழை மூட்டமா இருக்கு, மிளகு களத்துல கிடக்குது, ஜீப்பை ஒரு நாளைக்குக் குடுங்க, இறக்கிட்டு அனுப்பிடுறேன்னு கேக்குறாரு. நாலு பேரு முன்னாடி சார்! சீராக் குடுத்த பொருளை நாலு பேரு முன்னாடி வந்து திருப்பிக் கேட்டா என் மரியாதை என்ன ஆகுறது? பாக்குறவன் என்ன நினைப்பான்? இவனுக்குச் சும்மா ஓட்டக் குடுத்திருக்காங்கன்னுதானே நினைப்பான்? குடுத்தா குடுத்ததுதான் மாமா, இப்ப அது என் வண்டின்னு சொல்லிட்டேன். தப்பா?

அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அந்த வருசம் அவரு மிளகு பூரா பூசணம் பிடிச்சுப்போச்சாம். அதுக்கு மழைதானே காரணம்? மழைக்கு நானா ஜவாப்பு? ஆனா பேச்சை நிறுத்தினது அவரு. தீவாளிக்குக் கூப்பிடல. என் மனசு எவ்வளவு புண்பட்டுச்சுன்னு அந்த வீட்டுல ஒருத்தர் கேட்டிருப்பாங்களா? பஞ்சு மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை நடந்தே போயி அப்பனைப் பாத்துட்டு வருவா. நான் தடுக்கல. நடந்து போறதுக்கு நான் ஏன் தடுக்கணும்?

சத்தம் வருதா? இல்லையா? லாரி சத்தமா? சரி சரி.

எனக்கு இந்த மலையே ஆகாது சார். டீக்கடை போட்டுப் பாத்தேன். வாழைக் குத்தகை எடுத்தேன், ஆனை வந்து மிதிச்சுட்டுப் போச்சு. ஆடு வளத்தேன். எதுலயும் கால் ஊனல. கீழ வத்தலக்குண்டுல என் சினேகிதன் ஒருத்தன் மோட்டார் ரிப்பேர் கடை போடுறான், பங்குக்கு வர்றியான்னு கேட்டான். ஆகா, இதுதான்டா நேரம்னு ஜீப்பை வித்துட்டு இறங்கிடுவோம்னு முடிவு பண்ணிட்டேன். பஞ்சுகிட்டச் சொன்னேன். கீழ போயி நான் என்ன செய்யன்னா. நீ ஒண்ணும் செய்ய வேணாம், ஃபேனைப் போட்டுக்கிட்டு மகாராணியா உக்காந்திருன்னேன். அப்பாவை யாரு பாக்குறதுன்னா. பஸ்ஸு இருக்குல்லன்னேன். வண்டி இருந்துட்டுப் போகட்டுமேன்னா. அட போடி இவளே, வண்டியை வித்தாத்தான் கடைன்னேன். அதோட பேச்சை விட்டுட்டா. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன்.

வாங்குறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையன் வந்தான். நிரஞ்சன்னு பேரு. இந்த மாதிரிப் பழைய ஜீப்பை வாங்கி, சேத்துலயும் பாறையிலயும் ஓட்டிப் பந்தயம் விடுறாங்களாம். கவுந்தா கவுந்துட்டுப் போகுதுன்னு ஓட்டுவாங்களாம். என்ன விளையாட்டோ! ஆனா அவன் சொன்ன விலை இருக்கே, நான் கனவுலயும் நினைக்காத விலை. அட்வான்ஸும் குடுத்துட்டான். பேப்பர் மட்டும் ரெடி பண்ணுங்கண்ணேன்னு போயிட்டான்.

பேப்பருக்கு எங்க போறது? வண்டி ஆபீஸுக்குப் போனேன். சன்னல்ல இருந்தவரு நம்பர் என்னன்னாரு. நம்பர் இல்லீங்கன்னேன். அப்ப வண்டி இல்லன்னாரு. வண்டி இருக்குதுங்க, வீட்டு வாசல்ல நிக்குதுன்னேன். உங்க வாசல்ல நிக்கலாம், என் கம்ப்யூட்டர்ல நிக்கலியேன்னாரு. சரிங்கய்யா, இத்தனை வருச வரியை வேணாலும் மொத்தமாக் கட்டிடுறேன், ஒரு பேப்பர் குடுங்கன்னேன். ரோட்டுல ஓடியிருக்கான்னாரு. சத்தியமா இல்லன்னேன். ரோட்டுல ஓடாத வண்டிக்கு ரோட்டு வரி எப்படிய்யா வாங்குறது, நான் வாங்கினா என் வேலை போயிரும்னாரு. அப்ப ரோட்டுல ஓட்டிட்டு வந்து கட்டட்டுமான்னேன். கொண்டா, அப்படியே பிடிச்சு உள்ள போட்டுடுறேன்னாரு. ஏன் சார், வரி கட்டாதவனை வெரட்டிப் பாத்திருப்பீங்க, வரி கட்ட வந்தவனை வெரட்டிப் பாத்திருக்கீங்களா? நான்தான் அது.

பாறை மேல ஏறிப் பையனுக்குப் போன் போட்டேன். அண்ணே, ஆர்.சி. எனக்கு வேணாம், நான் சொந்த இடத்துலதான் ஓட்டப்போறேன், ஆனா லாரியில ஏத்திக் கொண்டுபோறப்ப செக்போஸ்ட்ல இது யாரு வண்டின்னு கேப்பான், ஏலத்துல எடுத்த சீட்டும் எடுத்தவருகிட்ட இருந்து உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு ஒரு எழுத்தும் வேணும், இல்லாட்டி திருட்டு வண்டின்னு நிப்பாட்டிருவான்னு சொல்றான். ஏலச் சீட்டு யாருகிட்ட இருக்கு? மாமனாருகிட்ட. எழுத்துல கையெழுத்துப் போட வேண்டியது யாரு? மாமனாரு. எப்படி வந்து மாட்டுது பாத்தீங்களா?

பத்திரம் எழுதுறவருகிட்டப் போனேன். கல்யாணத்துக்குச் சீராக் குடுத்ததுன்னு எழுதுங்கன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாரு. எழுதிரலாம், அப்புறம் வரதட்சணை வாங்கினேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும், வண்டி ஒரு ஸ்டேசன்ல நிக்கும், நீங்க ஒரு ஸ்டேசன்ல நிப்பீங்க, பரவாயில்லையான்னாரு. சரி, எனக்கு வித்ததா எழுதுங்கன்னேன். அப்படின்னா உங்க மாமனாரு பணம் வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணும், போடுவாரான்னாரு. பெத்தணனா? போடவே மாட்டாரு சார். வாங்காத பணத்தை வாங்கினேன்னு சொல்ற மனுசன் இல்ல. கொண்டா பணத்தைன்னு திண்டுல சாஞ்சு உக்காந்துருவாரு.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு. அப்பன் மகளுக்குப் பிரியப்பட்டுக் குடுத்ததா எழுதிரலாம். அதுல வம்பு வழக்கு ஒண்ணும் வராது. அப்புறம் மக அந்தப் பையனுக்கு வித்ததா இன்னொரு எழுத்து. சோலி முடிஞ்சது. எனக்கு ஒரே சந்தோசம். எழுதுங்கய்யா, எல்லாம் ஒண்ணுதானேன்னேன். அந்த ஆளு கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்ப எனக்கு விளங்கல. நல்லா அழுத்தம் திருத்தமா எழுதுங்க, பின்னாடி யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு வேற சொன்னேன். என் வாயாலயே சொன்னேன் சார்.

அதை எடுத்துக்கிட்டு, பஞ்சுவையும் கூட்டிக்கிட்டு மாமனாரு வீட்டுக்குப் போனேன். ஜீப்புலதான், நான்தான் ஓட்டினேன். அந்த ஆளு என்னை வான்னு கூடக் கேக்கல. மககிட்ட, பஞ்சு, மாப்பிள்ளைக்கு என்ன வேணும்னு கேளுங்கிறாரு. நான் எதுத்தாப்புல நிக்கிறேன்! நானும் விடல. பஞ்சு, உங்கப்பாகிட்ட ஒரு கையெழுத்து வேணும்னு சொல்லுன்னேன். அவ நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பாக்குறா. கடைசியில எழுத்தை அவளே வாசிச்சா.

என் மகள் பஞ்சவர்ணத்துக்கு, அவள் பேரில் எனக்குள்ள அன்பின் காரணமாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இன்று முதல் அவளே முழு உரிமையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள, அப்படின்னு போகுது.  பெரியவரு கேட்டுட்டு, எழுத்து நல்லா இருக்கு, அந்த முழு உரிமைங்கிற வரியை மறுபடி வாசின்னாரு. வாசிச்சா. உனக்குச் சம்மதமாம்மான்னாரு. சம்மதம்ப்பான்னா. சட்டுன்னு பேனாவை வாங்கிப் போட்டாரு பாருங்க கையெழுத்து, எனக்கே ஆச்சரியம். ஏலச் சீட்டையும் பொட்டியில இருந்து எடுத்து அவ கையில குடுத்தாரு. சிரிச்ச மாதிரி கூட இருந்துச்சு. விக்கிறதுக்குத்தான் சம்மதம்னு சொல்றான்னு நான் இருந்தேன். நீங்க இருந்தா வேற மாதிரியா நினைச்சிருப்பீங்க?

வருதா பாருங்க... இல்ல, காத்து.

பையன் லாரியோட வந்தான். லாரி இதே இடத்துலதான் நின்னுச்சு. ஜீப்பைக் கீழ கொண்டு வரணும். பஞ்சு சொன்னா, கடைசித் தடவை, நான் ஓட்டிட்டு வர்றேனேன்னா. எனக்கும் மனசு இருக்குல்ல? சரி, ஓட்டிட்டுப் போன்னு விட்டேன். என்னமா ஓட்டுறா சார்! அத்தனை வருசம் தொடாதவ, அந்த ஓடையை இறக்கி ஏத்தினா பாருங்க, உள்ள இருந்த தண்ணி பாட்டில் கூட உருளல. நான் ஓட்டினா எனக்கே இடுப்பு போயிரும்.

இந்தா, தார் முடியுதே, இந்த விளிம்புல கொண்டாந்து நிப்பாட்டினா. பையன் பலகையெல்லாம் போட்டு ரெடியா வச்சிருக்கான். பேப்பரை வாங்கிப் பாத்துட்டு, அக்கா, நீங்கதான் ஓனரா, இங்க ஒரு கையெழுத்துன்னான். ஓனரான்னு அவன் கேட்டதும் இவ முகத்துல வந்த களையைப் பாக்கணுமே. பேனாவை வாங்கினா. வாங்கிட்டு, ஏன் தம்பி, இதை வாங்கி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா. அந்த மடப்பய இருக்கான்ல, சேத்துல விட்டு உருட்டுவோம்க்கா, உடைஞ்சா உடையட்டும்னு பல்லை இளிக்கிறான். பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டா. என் வண்டி விக்கிறதுக்கில்ல தம்பி, உங்களை வீணா அலைய வச்சுட்டோம், மனசுல வச்சுக்காதீங்கன்னா. என் வண்டி! அப்படியே ரிவர்ஸ் எடுத்தா, திருப்பினா, போயே போயிட்டா. நான் இங்க நிக்கிறேன், பையன் நிக்கிறான், லாரி டிரைவர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். அந்த லாரி டிரைவர் சிரிப்புத்தான் சார் எனக்கு இன்னும் தூக்கத்துல கேக்குது.

அட்வான்ஸைத் திருப்பினேன். வத்தலக்குண்டு கடை போச்சு. சினேகிதன் வேற ஆளைச் சேத்துக்கிட்டான். வீட்டுக்குப் போயி ஆடித் தீத்துட்டேன்.   மறுநாள் காலையில அவ பாட்டுக்கு ஜீப்பை எடுத்துக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போனா, மிளகு மூட்டையை ஏத்தினா, அப்பனை முன் சீட்டுல உக்கார வச்சு ஊருக்கு நடுவுல ஓட்டிட்டு வந்தா. பெரியவரு மடியில துண்டை விரிச்சுப் போட்டு, கையை அது மேல வச்சுக்கிட்டு, நேராப் பாத்துக்கிட்டு வர்றாரு. கண்ணு கலங்கியிருந்துச்சுன்னு சொல்றாங்க. தூசி விழுந்திருக்கும்.

அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கூப்பிட ஆரம்பிச்சாங்க. மூட்டைக்கும் போறா, ஆளுக்கும் போறா. பிரசவத்துக்கு ஒரு பிள்ளையைக் கொண்டாந்து இங்க ஆம்புலன்ஸுல ஏத்தி விட்டா. ஊரே பஞ்சக்கா, பஞ்சக்காங்குது. ஊரு சிரிக்கும்னு நினைச்சேன். ஒருத்தனும் சிரிக்கல சார். அது ஏன்னுதான் எனக்கு விளங்கல.

ஒரு நாள் எனக்குக் கீழ வரணும். சாவியை எடுக்கப் போனா ஆணியில சாவி இல்ல. எங்கடின்னேன். கேட்டுட்டு எடுங்கன்னா. என் வீட்டுல நான் கேக்கணுமான்னேன். அப்பத்தான் அந்தப் பேச்சை எடுத்தா. அன்னைக்கு எங்கப்பா நாலு பேரு முன்னாடி வந்து கேட்டாரு, அவரு குடுத்த வண்டியை அவரே வாய் விட்டுக் கேட்டாரு, நீங்க குடுக்கல, இன்னைக்கு நீங்க கேளுங்க, நான் குடுக்கிறேன், கேட்டா கண்டிப்பாக் குடுப்பேன்னா. இத்தனை வருசமா அதை மனசுல வச்சிருந்திருக்கா பாருங்க! நான் அன்னைக்கே மறந்துட்டேன்.

கேப்பேனா நான்? இன்னைய வரைக்கும் கேக்கல. நடந்துதான் இறங்குறேன், நடந்துதான் ஏறுறேன். முட்டி வலி உசுரு போகுது. ராத்திரி தைலம் தேய்க்கிறதும் அவதான். தேய்ச்சுக்கிட்டே, ஒரு வார்த்தைதானேங்கிறா. நான் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறேன்.

இன்னைக்கு எதுக்குப் போனேன்னு கேளுங்க. அந்தப் பத்திரம் எழுதுறவருகிட்டத்தான். அந்த எழுத்தை ரத்துப் பண்ணணும், என்ன செலவானாலும் சரின்னு சொன்னேன். பண்ணலாமே, வண்டிக்கு ஓனரு யாரோ அவங்க வந்து கையெழுத்துப் போடணும், வீட்டுல கேட்டுக் கூட்டிட்டு வாங்கன்னாரு. எழுத்தை அழுத்தமா எழுதச் சொன்னது நீங்கதானேன்னு அதையும் சொல்லிக் காட்டினாரு. போற இடத்துல எல்லாம் கேளு, கேளு, கேளு. நான் என்ன பாவம் சார் செஞ்சேன்?

இந்தா, தூறல் போட ஆரம்பிச்சிருச்சு. உங்க பையில மிசினு இருக்குதா? நனையக் கூடாதே. இங்க ஒதுங்க ஒரு கூரை கூடக் கிடையாது. கடைசி பஸ்ஸும் போயிருச்சு. ஓடையில தண்ணி ஏறினா நடந்தும் போக முடியாது, ரெண்டு பேரும் இங்க நனைஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

இப்பக் கேக்குதா? கேக்குது, கேக்குது! அவதான். அந்த வளைவுல கியர் மாத்துறது எனக்குத் தெரியும். பாருங்க, விளக்கு தெரியுது. எந்திரிங்க, பையை எடுத்துக்கங்க. அவ தாருக்கு வர மாட்டா, அந்த விளிம்புலயே நிப்பாட்டுவா. நாமதான் போகணும்.

முன் சீட்டு காலியாத்தான் இருக்கு. பெரியவரு வரல போல. இந்தா, நின்னுட்டா. என்னைப் பாத்துட்டா. ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டா, பாருங்க, அப்படியே ஸ்டேரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. இன்னைக்கு இந்த முட்டியோட என்னால ஏற முடியாது சார். சத்தியமா முடியாது.

நீங்க போயி கேளுங்க. புதுசா வந்தவரு, டவர் பாக்குறவரு, நீங்க கேட்டா உடனே ஏறுங்கம்பா. மெதுவாப் பேசுங்க, அவளுக்குக் காது நல்லாக் கேக்கும். அப்படியே... சார், ஒரு நிமிசம். அப்படியே எனக்கும் சேத்துக் கேட்டுருங்க.